காற்று வந்த வழி

காற்றில்லாமல் மனிதன் சில நிமிடங்கள்கூட வாழ முடியாது. இதனைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் அனைவரும் படித்துவிட்டோம். ஆனால் அதே காற்று, தான் இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறோர் இடத்தில் புகுந்துகொண்டால் என்ன ஆகும் என்பதை நான் படித்த பாடநூல்கள் எனக்குச் சொல்லவில்லை. அதனை எனக்குக் கற்பித்தது என் தந்தையாரின் உடம்பு. 2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்த அந்நிகழ்ச்சியைக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதலாமா என்று பலமுறை தயங்கினேன். அதில் என் தவறு ஒன்றும் அடங்கியிருப்பதே தயக்கத்துக்குக் காரணம். எனினும் மாணவ நண்பர்கள் யாருக்கேனும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தால் துணிந்து எழுதுகிறேன்.

என் தந்தையார் தென்னை மரம் ஏறும் தொழிலாளி. எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்குச் சற்றுத் தொலைவில் உள்ளது. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வீசிய கஜா புயல் எங்கள் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதைப் பலரும் அறிவர். அன்று காற்று எங்கள் பிழைப்பைப் பறித்தது. எஞ்சி நின்ற மரங்களை நம்பித்தான் அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே காற்று வேறொரு வழியில் எங்கள் வீட்டுக்குள் வரும் என்று யார் நினைத்தார்கள்?

அன்று பிற்பகல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரங்கள் ஈரமாக இருந்தன. ஆயினும் தோப்புக்காரர் மறுநாளே காய் ஏற்ற வேண்டும் என்று சொன்னதால் அப்பா ஏறினார். கடைசி மரத்திலிருந்து இறங்கும்போது, தரைக்கு இரண்டாள் உயரம் இருக்கையில் கால் வழுக்கிவிட்டது. கீழே மோட்டார் கொட்டகையின் சிமெண்டுத் தொட்டி. அதன் விளிம்பில் அவருடைய வலப்பக்க விலா மோதியது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வீடு வந்து சேர்ந்தார். "ஒண்ணும் இல்லடா தம்பி, லேசா அடி பட்டிருக்கு" என்றார். மூச்சை இழுக்கும்போது மட்டும் முகம் சுளித்தார்.

அப்பாயி கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்துப் பழந்துணியில் முடிந்து கொடுத்தார். நான் அப்பாவின் விலாவில் ஒத்தடம் கொடுத்தேன். மறுநாள் காலை எனக்கு விலங்கியல் செய்முறைத் தேர்வு. ஒரு கையில் ஒத்தட முடிச்சு, மடியில் குறிப்பேடு. அன்றிரவு நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த படங்களுள் நுரையீரலின் படமும் ஒன்று என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒத்தடம் கொடுத்தபோது விரல்களுக்கடியில் ஏதோ நறநறவென்று நொறுங்குவது போல் இருந்தது. முடிச்சில் இருக்கும் உப்பு என்று எண்ணினேன். பிறகு முடிச்சைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் தடவினேன். அப்போதும் நறநறவென்றது. தோலுக்கடியில் யாரோ பொரியைத் தூவி வைத்தது போன்ற ஓர் உணர்வு. கையை எடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொன்னால் அம்மா பதறுவார், அம்மா பதறினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போனால் விடிந்துவிடும், தேர்வு என்ன ஆவது? இவ்வளவு எண்ணமும் ஒரு கணத்தில் ஓடின. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படுத்து உறங்கினேன். அப்பா இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்தது அரைத் தூக்கத்தில் கேட்டது.

விடியற்காலையில் அம்மாவின் அலறல் என்னை எழுப்பியது. பாயில் உட்கார்ந்திருந்தவர் என் அப்பாதானா என்று எனக்கு ஐயம் உண்டாயிற்று. கழுத்தும் முகமும் ஒன்றாகி உப்பியிருந்தன. இரு கண்களும் இமை திறக்க முடியாதபடி மூடிக் கிடந்தன. மார்பு தோள் வரை புடைத்திருந்தது. "தண்ணி குடு" என்று அவர் கேட்டது மூக்கால் பேசுவது போல் ஒலித்தது. மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது.

அக்கம் பக்கத்தார் கூடிவிட்டனர். விஷவண்டு கடித்திருக்கும் என்றார் ஒருவர். முந்தின நாள் தின்ற மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மற்றொருவர். அப்பாயி மட்டும் உறுதியாகச் சொன்னார்: "அந்தி நேரத்துல முனியன் தோப்புல மரம் ஏறுனா காத்து கருப்பு அடிக்காம என்ன செய்யும்? என் புள்ளையக் காத்து அடிச்சிருச்சு." திருநீறு வாங்கிவர ஆள் அனுப்பவும் முனைந்தார். நான் 108க்குத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த ஒரு செயலாவது சரியான நேரத்தில் செய்தேன்.

மருத்துவமனையில்

அவசரப் பிரிவில் அன்று பணியில் இருந்தவர் ஓர் இளம் டாக்டரம்மா. அவர் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. "ஐயா, எங்க வலிக்குது?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவின் கழுத்திலும் மார்பிலும் விரல் நுனிகளால் மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு என்னை அழைத்து, "தம்பி, இங்க கை வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். முந்தின இரவு நான் கேட்ட அதே நறநறப்பு. அழுத்திய இடத்திலிருந்து ஏதோ நழுவிப் பக்கத்தில் போவதும் தெரிந்தது.

"என்னன்னு தெரியுதா?"

தெரியவில்லை என்று தலையசைத்தேன்.

"காத்து. தோலுக்கு அடியில காத்து புகுந்திருக்கு."

பின்னால் நின்ற அப்பாயி உடனே, "அதைத்தானேம்மா நானும் காலையிலேருந்து சொல்றேன்!" என்றார். செவிலியர் ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்க சொன்னது சரிதான் பாட்டி. ஆனா அந்தக் காத்து தோப்புலேருந்து வரல. உங்க மகன் நெஞ்சுக்குள்ளேருந்து வந்திருக்கு. அது எந்த வழியா வந்துச்சுன்னுதான் இப்பப் பாக்கணும்" என்றார்.

அந்தச் சொற்களை என்னால் மறக்க முடியவில்லை. அப்பாயி சொன்னதும் காற்று. டாக்டரம்மா சொன்னதும் காற்று. அப்பாயி காற்று என்று பெயர் சொல்லி அதோடு நின்றார். டாக்டரம்மா அந்தப் பெயரிலிருந்து தம் வேலையைத் தொடங்கினார். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயை மட்டுமன்றி அது தோன்றிய காரணத்தையும் ஆராய வேண்டும் என்று கூறியிருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவன் நான். அதன் பொருள் எனக்கு விளங்கியது அன்றுதான்.

அவர் செய்த ஆராய்ச்சியை நான் அருகில் நின்று பார்த்தேன். முதலில் வீக்கத்தின் இயல்பைப் பிரித்தறிந்தார். நீர் கோத்த வீக்கமாக இருந்தால் விரலால் அழுத்தி எடுத்த இடத்தில் பள்ளம் விழுந்து சிறிது நேரம் நிற்கும். உணவோ பூச்சிக்கடியோ ஒத்துக்கொள்ளாமல் வந்த வீக்கமாக இருந்தால் பெரும்பாலும் அரிப்பும் தடிப்பும் சேர்ந்திருக்கும். உதடும் நாக்கும் தடிக்கும். அழுத்தினால் நொறுங்கும் உணர்வு இராது. காற்று வீக்கத்தில் மட்டுமே இந்த நறநறப்பு உண்டு. இதனை மருத்துவர்கள் 'கிரெப்பிடஸ்' என்று கூறுவர். நோய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சப்கியூட்டேனியஸ் எம்பிசீமா'. எம்பிசீமா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஊதிப் பெருத்தல் என்பது பொருள். தோலடிக் காற்று வீக்கம் என்று நாம் சொல்லலாம்.

அடுத்து, தொண்டைக்குழியில் விரல் வைத்து மூச்சுக்குழல் நடுவில் இருக்கிறதா, ஒருபுறம் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். மார்பின் இரு பக்கங்களிலும் விரலால் தட்டினார். இடப்பக்கம் தட்டியபோது எழுந்த ஒலி வேறு. வலப்பக்கம் வெற்றுப் பானையைத் தட்டியது போன்ற ஒலி. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது வலப்பக்கத்தில் மூச்சின் ஓசை ஏறக்குறைய இல்லை என்றும், தோலின் நறநறப்பே காதை அடைக்கிறது என்றும் சொன்னார். விரலில் மாட்டிய சிறு கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 விழுக்காடு என்று காட்டியது. உடனே முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

மூச்சுக்குழல் ஒதுங்கி, இரத்த அழுத்தமும் விழுந்திருந்தால் எக்ஸ்ரேவுக்குக்கூடக் காத்திருக்கமாட்டார்களாம். மார்புக்குள் காற்று சேர்ந்து சேர்ந்து இதயத்தையே நெருக்கும் நிலை அது. உடனே ஊசி குத்திக் காற்றை வெளியேற்றாவிட்டால் உயிர் போய்விடும். அப்பாவுக்கு அந்த நிலை வரவில்லை. ஆனால் அதற்கு எத்தனை மணி நேரம் மீதி இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். வலப்பக்கம் மூன்று விலா எலும்புகள் முறிந்திருந்தன. அவற்றில் ஒன்றின் முனை உள்நோக்கித் திரும்பியிருந்தது. நுரையீரல் சுருங்கி ஒதுங்கிக் கிடந்தது. தோலுக்கும் தசைக்கும் இடையே கறுப்புக் கோடுகள் ஓடின. மார்புத் தசையின் நார்களுக்கிடையே காற்று புகுந்து, அவை தனித்தனியே பிரிந்து, விரித்த பனையோலை விசிறியைப் போல் தெரிந்தன. எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாகவும் எலும்பு வெளுப்பாகவும் தெரியும் என்று நான் படித்திருக்கிறேன். அந்தக் கறுப்பு என் தந்தையின் மூச்சு என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தது?

காற்று வந்த வழி இப்போது தெளிவாயிற்று. நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் உள்ளன. நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய உறையும், மார்புச் சுவரின் உட்புறத்தில் மற்றோர் உறையும் உண்டு. முறிந்த விலாவின் முனை இரண்டு உறைகளையும் கிழித்துவிட்டது. ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலிலிருந்து கசிந்த காற்று முதலில் உறைகளுக்கு நடுவில் சேர்ந்தது. பிறகு ஒவ்வோர் இருமலும் அதனைக் கிழிசல் வழியாகத் தோலின் அடிப்புறத்துக்குத் தள்ளியது. இரவெல்லாம் நான் அரைத் தூக்கத்தில் கேட்ட இருமல் அதுதான்.

தோலின் அடியில் உள்ள மென்திசு பஞ்சு போன்றது. எங்கள் ஊர்க் கறிக்கடையில் ஆட்டின் காலில் ஒரு சிறு கீறல் போட்டுக் காற்றை ஊதுவார்கள். ஒரே இடத்தில் ஊதிய காற்று உடம்பெங்கும் பரவித் தோல் தனியே எழும்பும், உரிப்பது எளிதாகும். மனித உடம்பிலும் அப்படித்தான். மார்பில் நுழைந்த காற்று கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும்; வயிற்றுக்கும் விதைப்பைக்கும் இறங்கும். இமையின் தோல் தளர்ந்தது. ஆகையால் அது பலூன் போல் உப்பிவிடும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் இறுகப் பிணைந்திருப்பதால் அங்குக் காற்று எளிதில் நுழையாது. அப்பாவின் முகம் அடையாளம் தெரியாமல் போயிருந்தபோதும், காய்ப்புக் காய்ச்சிய அவருடைய உள்ளங்கை மட்டும் பழைய கையாகவே இருந்தது. ஆம்புலன்சில் வரும்போது நான் அந்தக் கையைத்தான் பிடித்திருந்தேன்.

அக்குளுக்கு நேர் கீழே, விலா எலும்புகளின் இடைவெளியில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு குழாயை மார்புக்குள் செலுத்தினார்கள். குழாயின் மறுமுனை தரையில் வைத்த பாட்டிலின் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தது. உள்ளிருக்கும் காற்று தண்ணீர் வழியே குமிழியிட்டு வெளியேறலாம். வெளிக்காற்று திரும்பி உள்ளே நுழைய முடியாது. எவ்வளவு எளிய ஏற்பாடு! அப்பா இருமியபோதெல்லாம் பாட்டிலில் குமிழிகள் சலசலவென்று எழுந்தன. அம்மா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேறு வழிகள்

அந்த நாட்களில் டாக்டரம்மாவிடம் நான் பல கேள்விகள் கேட்டேன். பின்னர் நூலகத்திலும் தேடிப் படித்தேன். காற்று தோலுக்கடியில் புகுவதற்கு விலா முறிவு ஒன்றுதான் வழி என்று எண்ணக் கூடாது. வழிகள் பல.

கத்திக்குத்து, வாகன விபத்து முதலியவற்றால் நுரையீரலோ மூச்சுக்குழலோ கிழிவது ஒரு வழி. வெளிக்காயமே இல்லாமலும் வரலாம். கடுமையான ஆஸ்துமா, விடாத இருமல், பிள்ளைப்பேற்றின்போது மூச்சடக்கி முக்குதல் ஆகியவற்றால் நுரையீரலின் காற்றறை வெடிக்கும். வெடித்த காற்று எப்படிக் கழுத்துக்கு வருகிறது என்பதைக் கனடா நாட்டு அறிஞர் சார்லஸ் மேக்ளின் 1939ஆம் ஆண்டில் பூனைகளை வைத்து நடத்திய சோதனைகளால் விளக்கினார். காற்று, இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள உறையின் வழியே ஊர்ந்து நெஞ்சின் நடுப்பகுதியை அடைந்து, அங்கிருந்து கழுத்துக்கு ஏறுகிறது. அதே 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லூயி ஹேமன் மற்றொன்றைப் பதிவு செய்தார். இதயத்தைச் சுற்றிக் காற்று சேர்ந்தவர்களின் மார்பில், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நொறுங்கும் ஓசை கேட்கும் என்பதே அது. 'ஹேமன் அடையாளம்' என்று அதனை இன்றும் கூறுகின்றனர்.

கொரோனாக் காலமான 2020, 2021ஆம் ஆண்டுகளில் வெண்டிலேட்டரில் வைக்கப்பட்ட நோயாளிகள் பலருக்கு இவ்வீக்கம் ஏற்பட்டது. நோயால் நைந்த நுரையீரல், அழுத்தி ஊதப்பட்ட காற்றைத் தாங்க முடியாமல் கசிந்ததே காரணம்.

உணவுக்குழல் கிழிவது இரண்டாவது வழி. 1724ஆம் ஆண்டில் டச்சு மருத்துவர் ஹெர்மன் போர்ஹாவே ஒரு கடற்படைத் தலைவரின் மரணத்தைப் பற்றி எழுதினார். பெருவிருந்துண்ட அவர் வலிந்து வாந்தி எடுத்தபோது உணவுக்குழல் கிழிந்தது. சவப் பரிசோதனையில்தான் அது தெரிந்தது. கடும் வாந்திக்குப் பின் நெஞ்சு வலித்துக் கழுத்தில் நறநறப்புத் தோன்றினால் ஒரு நொடியும் வீணாக்கலாகாது. உணவும் எச்சிலும் நெஞ்சுக்குள் சிந்திச் சீழ் பிடித்துவிடும்.

பல்லும் மூக்கும் மூன்றாவது வழி. காற்றழுத்தத்தால் சுழலும் அதிவேகத் துளைகருவி 1957ஆம் ஆண்டு முதல் பல் மருத்துவத்தில் புழக்கத்துக்கு வந்தது. அரிதாக அதன் காற்று ஈறு வழியே கன்னத்துக்குள் புகுந்துவிடுவது உண்டு. கருவிக்கு முன்பே இது நிகழ்ந்திருக்கிறது. பல் பிடுங்கிய கையோடு ஊதுகொம்பு ஊதிய ஒரு கலைஞருக்கு முகம் வீங்கிய செய்தி 1900ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. முகத்தில் அடிபட்டு எலும்பு முறிந்தவர்கள் மூக்கைப் பலமாகச் சிந்தினால் கண்ணைச் சுற்றிக் காற்று ஏறும். பல் பிடுங்கிய பின் சில நாட்களுக்கு எதையும் ஊதாதீர்கள், மூக்கைச் சிந்தாதீர்கள் என்று சொல்வதன் பொருள் இதுவே. நாதசுரக் கலைஞர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்தும் காற்று நுழையலாம். பஞ்சர் கடைகளிலும் பட்டறைகளிலும் காற்றுக் குழாயை ஒருவர் மேல் ஒருவர் வைத்து விளையாடும் இளைஞர்களை நாம் பார்த்திருக்கிறோம். அழுத்தப்பட்ட காற்று சிறு காயத்தின் வழியே உட்புகுந்து உடம்பைக் கிழித்துவிடும். அது விளையாட்டல்ல. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் வயிற்றை விரிக்கக் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவர். அதுவும் சில வேளை தோலடியில் கசியும். ஆனால் உடல் அதனை விரைவில் உறிஞ்சிக்கொள்ளும்.

இவை அனைத்தினும் கொடியது ஒன்று உண்டு. அங்குக் காற்று எங்கிருந்தும் வருவதில்லை. அந்த இடத்திலேயே பிறக்கிறது. சில கிருமிகள் தசையை அழுகச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. அவற்றுள் முதன்மையானதை வில்லியம் வெல்ச், ஜார்ஜ் நட்டால் என்னும் இருவர் 1892ஆம் ஆண்டில் விவரித்தனர். முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் மண்பட்ட காயங்களோடு கிடந்த வீரர்கள் பலரை இந்த நோய் கொண்டுபோயிற்று. நீரிழிவு நோயாளியின் காலில் சிறு புண் இருந்து, தாங்க முடியாத வலியும் காய்ச்சலும் தோலில் நிறமாற்றமும் கொப்புளமும் நாற்றமும் சேர்ந்து, தொட்டால் நறநறவென்றால், அது பிழைக்கும் நேரம் மணிக்கணக்கில் குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்பாவின் வீக்கம் வலிக்கவில்லை, சிவக்கவில்லை, சுடவில்லை. ஆகையால் டாக்டரம்மா அதனை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்.

தொட்டால் ஒரே நறநறப்பு; அதன் பின்னே இத்தனை காரணங்கள். எனவேதான் நோயாளியின் கதையைக் கேட்பதே சோதனையின் முதற்படியாகிறது. அடிபட்டதா, வாந்தி எடுத்தாரா, பல் பிடுங்கினாரா, காய்ச்சல் உண்டா என்று கேட்க வேண்டும். பிறகு கை, பிறகு ஸ்டெதாஸ்கோப், பிறகு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் புலப்படாத சிறு கசிவைச் சி.டி. ஸ்கேன் காட்டும். மூச்சுக்குழலில் ஐயம் இருந்தால் உள்ளே குழாய்க் கருவி விட்டுப் பார்ப்பர். உணவுக்குழலில் ஐயம் இருந்தால் நீரில் கரையும் மருந்தை விழுங்கச் செய்து, அது எங்கே கசிகிறது என்று படம் எடுப்பர். பெரும்பாலும் வீக்கத்துக்கென்று தனி மருத்துவம் தேவைப்படுவதில்லை. காற்று வந்த வழியை அடைத்தால் போதும். தங்கிய காற்றை உடலே சிறிது சிறிதாக உறிஞ்சிவிடும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது இரத்தத்தில் நைட்ரஜன் குறைவதால், தோலடியில் உள்ள நைட்ரஜன் விரைந்து இரத்தத்தில் கலந்து வெளியேறுகிறது. இதை எனக்கு விளக்கியபோது, இயற்பியலும் வேதியியலும் விலங்கியலும் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்பதைக் கண்டேன்.

கண் திறந்த நாள்

மூன்றாம் நாள் காலை. அப்பாவின் வலக்கண் இமை சிறிது பிரிந்தது. பிறகு இடக்கண். மங்கிய பார்வையோடு அறையைச் சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்:

"பரீட்சை எழுதினியாடா தம்பி?"

நான் வெளியே வந்துவிட்டேன். தாழ்வாரத்தில் நின்று அழுதேன். எந்தத் தேர்வுக்காக நான் வாய் திறக்காமல் உறங்கினேனோ, அந்தத் தேர்வைத்தான் அவர் கண் திறந்ததும் கேட்கிறார்! அவ்வழியே வந்த டாக்டரம்மா என்னவென்று வினவினார். அன்றுதான் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். "ராத்திரியே தொட்டுப் பார்த்தேங்க மேடம். நறநறன்னுச்சு. உப்புன்னு நினைச்சேன். அப்புறம் உப்பு இல்லைன்னு தெரிஞ்சும் சொல்லல."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "இனிமே தொட்டுப் பார்த்தா, சொல்லுங்க தம்பி" என்று மட்டும் கூறிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆறாம் நாள் பாட்டிலில் குமிழி நின்றது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்து, நுரையீரல் விரிந்துவிட்டதைப் பார்த்த பின் குழாயை எடுத்தார்கள். இரண்டாம் வாரத்தில் கழுத்து பழைய கழுத்தாயிற்று. எங்கள் துறைத் தலைவர் அவர்கள் நிலைமையைக் கேட்டறிந்து, வேறொரு பிரிவினரோடு செய்முறைத் தேர்வை எழுத இசைவளித்தார்கள். அதற்கு என்றும் நன்றியுடையேன். எனக்கு வந்த வினாக்களுள் நுரையீரலின் படமும் இருந்தது. பென்சிலால் அதன் மேலுறையை வரைந்தபோது என் கை நடுங்கியது.

அப்பா இப்போது மரம் ஏறுவதில்லை. காய் உரிக்கும் வேலைக்குப் போகிறார். பீடியை விட்டுவிட்டார். அப்பாயி மட்டும் இன்றும் அது காத்து கருப்புதான் என்கிறார். அவரோடு நான் வாதாடுவதில்லை. அவர் கொடுத்த உப்பு ஒத்தடத்தால் அல்லவா என் விரல் அந்த நறநறப்பை முதலில் அறிந்தது? அறிந்ததை அறிந்தபடி சொல்லாமல் விட்டவன் அறிவியல் மாணவனாகிய நான்தான். மூட நம்பிக்கை அப்பாவை ஓர் இரவு பாயில் கிடத்தவில்லை. என் தன்னலம் கிடத்தியது.

மாணவ நண்பர்களே! உங்களில் பெரும்பாலோர் மருத்துவர் ஆகப்போவதில்லை; நானும் ஆகப்போவதில்லை. ஆனால் விபத்தில் அடிபட்டவரின் அருகில் முதலில் இருக்கப் போகிறவர்கள் நாம்தாம். அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தோலுக்கடியில் நொறுங்குவது போல் இருந்தாலும், குரல் மாறினாலும், கழுத்து தடித்தாலும், தேய்க்காதீர்கள், எண்ணெய் நீவாதீர்கள், விடியட்டும் என்று இராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உங்கள் விரல் கண்டதை அங்கே தவறாமல் சொல்லுங்கள்.

இந்த இரவைப் பற்றி நான் அப்பாவிடம் இன்னும் நேரில் சொல்லவில்லை. அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆண்டு மலர் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் எழுதியது எது என்று தங்கை தேடிப் பிடித்து உரக்கப் படித்துக் காட்டுவாள். நான் அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.